கிறவல் பாதையில் கடைசியாக வந்தவர்

மகன், நேற்று வாவிக்கரையில் உன் கையில் நெருப்பைத் தந்தார்கள். அது உனக்கு நினைவிருக்காது. உனக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. இப்போது பாயில் குப்புறக் கிடந்து, ஒரு கன்னம் நசுங்க, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். வெளியே மத்தியான வெயில். உன் மாமி என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் வயலுக்குப் போய்விட்டார். நீ இதை வாசிக்கும் நாளில் உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது எனக்கு இருக்கிற வயதை நீ தாண்டியும் இருப்பாய், எனக்குப் பத்தொன்பது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். உன் அப்பாவுக்கு ஏன் இன்னும் கிரியை நடக்கவில்லை என்று நாளைக்கு நீ கேட்டால், நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பேன். ஊரில் உள்ளவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அதற்கு முன் என் எழுத்தில் நீ படித்துவிட வேண்டும்.

நான் மட்டக்களப்புக் கடலோரத்து மாங்கேணியில் பிறந்தவள். கடல் ஊருக்குள் வந்த அன்று எனக்குப் பதினான்கு வயது. அது என் அம்மாவைக் கொண்டுபோனதை என் கண்ணால் கண்டேன். நான் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்திருந்தேன். அம்மாவின் சேலை ஒரு தடவை தண்ணீருக்கு மேலே தெரிந்தது, பிறகு இல்லை. உடல் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இறந்தவர்களைப் புதைப்பவர்கள். புதைக்க உடலே இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஒரு உருவம் கட்டி, இறந்தவர் உடுத்த துணியை அதற்குப் போர்த்தி, வாய்க்கரிசி போட்டு, அதை எரிப்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தோம். நான் ஒரே பெண்பிள்ளை என்பதால் மாமாவின் மகன் நெருப்பு வைத்தான். அன்றைக்குத்தான் நான் முதல் தடவை வாய்விட்டு அழுதேன். அன்றைக்குத்தான் நித்திரையும் கொண்டேன். ஆகவே அந்தக் கிரியையை நான் வெறுக்கிறவள் என்று நினைத்துவிடாதே. அது மனிதருக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. சின்னம்மாவோடு காட்டுப் பாதையால் நடந்து வந்து அகதி முகாமில் இருந்தேன். அந்த நாட்களில் வளர்ந்த பெண்பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவே தாய்மார் பயந்தார்கள். தாலி கட்டிய பெண்ணைச் சண்டைக்கு என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போகாது என்று ஒரு பேச்சு. அதனால் பதினேழு வயதில் என்னைக் கலியாணம் செய்து வைத்தார்கள். உன் அப்பா வவுணதீவுக்காரர். பட்டணத்தில் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை. கலியாணமான புதிதில் நான் அவரோடு பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் அதற்குக் கோபித்ததே இல்லை. வேலை முடிந்து வந்து, அன்றைக்குக் கடைக்கு வந்த சைக்கிள்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்வார்; நான் சோறு போட்டுக்கொண்டு கேட்பேன். ஒருநாள் நான் வாய் திறந்து, “அந்தச் சிவப்புச் சைக்கிளுக்கு மறுகா என்ன நடந்த?” என்று கேட்டேன். அவர் சோற்றுக் கையோடு எழும்பி வாசலுக்குப் போய், அங்கே முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், “அக்கா, இவ கதைக்கிறா கா!” என்று கத்தினார். அந்த அக்காதான் உன் மாமி. தாய் இல்லாத தம்பியைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தவர். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கடல் வந்த பிறகு உதவி செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் சைக்கிள்களை உன் அப்பாவின் கடையில்தான் திருத்துவார்கள். அவர்களில் ஒருவர் மூலமாகக் கண்டியில் உள்ள ஒரு ஆளின் தொடர்பு கிடைத்தது. அந்த ஆள் வெளிநாட்டவர்களைச் சைக்கிளில் மலைநாட்டுக்குள் கூட்டிப்போகிறவர். தார் றோட்டில் அல்ல. தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் காட்டு ஓரங்களிலும் போகும், சரளைக்கல் கொட்டிய கிறவல் பாதைகளில், நாலைந்து நாள். சாமான் ஏற்றிய வான் வண்டி வேறு வழியால் சுற்றிப் போய், சாப்பாட்டுக்கும் இரவுத் தங்கலுக்கும் முன்னால் போய்க் காத்து நிற்கும். சைக்கிள்களுக்கு ஏதும் நடந்தால் திருத்த ஒரு ஆள் வேண்டும் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். சண்டை வடக்கே போயிருந்த காலம் அது. மாசி மாதம், மலையில் மழை இல்லாத நேரம். சமைக்க உதவிக்கு வரவேண்டிய பெண்ணுக்குச் சுகமில்லை என்று தெரிந்ததும், “நீயும் வா புள்ள, புள்ளையையும் தூக்கிக்கிட்டு வா. கடலே இல்லாத ஊரைப் பாக்கலாம்” என்றார். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. நான் வெட்கத்தில் மாட்டேன் என்றேன். கடலே இல்லாத ஊர் என்ற சொல் என்னை விடவில்லை. போனேன்.

அந்தப் பயணத்தை நான் உனக்கு நன்றாகச் சொல்ல வேண்டும். உன் அப்பாவோடு நாம் இருவரும் போன ஒரே பயணம் அது. முன்னால் போகிறவர் சமன் என்ற சிங்கள அண்ணன். அவருக்கு அந்த மலைப் பாதைகள் எல்லாம் தெரியும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இறங்கி, ஒரு சின்னப் பையிலிருந்து கோதுமை மாவை எடுத்து நிலத்தில் அம்புக்குறி போடுவார். நடுவில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் தங்கள் வேகத்தில் வருவார்கள். எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளாக, உன் அப்பா. யாருக்காவது காற்றுப் போனால் ஒட்டிக் கொடுப்பார், களைத்தவருக்குத் துணையாக நடப்பார். எல்லோரும் தாண்டிய பிறகு அந்த மா அம்பைக் காலில் போட்ட சப்பாத்தால் தேய்த்து அழித்துவிட்டு வருவார். சண்டைக் காலத்தில் பாதைச் சந்தியில் வெள்ளை அம்பு கிடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. முன்னால் போனவர் எக்காரணம் கொண்டும் பின்னால் திரும்பக் கூடாது. கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. இந்த இரண்டும்தான் அவர்களின் சட்டம்.

வானை ஓட்டியவர் முத்தையா அண்ணன், மலையகத்துக்காரர். வாய் ஓயாதவர். முதல் நாள் நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் பேசவில்லை. “ஏன் தங்கச்சி, ஒன் வாயில முத்து ஏதும் வச்சிருக்கியா? தொறந்தா கொட்டிரும்னு பயமா?” என்றார். உன் அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, “அவ என்னோட கதைக்கவே ஒரு வருசம் எடுத்தது அண்ணே. நீங்க நாலு நாளில என்னத்தக் கேக்கப் போறீங்க?” என்றார். “அப்ப நான் புள்ளகிட்ட பேசிக்கிறேன்” என்று முத்தையா அண்ணன் உன்னைத் தூக்கி ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டார். நீ ஹோனை அமுக்கி, தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களையும் திரும்பிப் பார்க்க வைத்தாய்.

வந்த ஆறு வெள்ளைக்காரரில் ஹெலன் என்ற ஒரு வயதான அம்மா இருந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த தலை, ஏற்றத்தில் மிகவும் மெதுவாகத்தான் வருவார். அதனால் எப்போதும் உன் அப்பாவுக்கு முன்னால் அவர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வந்து சேரும்போது இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். “என்ன கதைச்சீங்க?” என்று கேட்டேன். “நான் அவவுக்கு வெண்டிக்காய், கத்தரிக்காய் எண்டு சொல்லிக் குடுத்தன். அவ எனக்குத் தன்ட நாயிர பேர் சொன்னா” என்றார்.

இரண்டாம் நாள் பின்னேரம் எல்லோரும் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் ஓய்வாக இருந்தார்கள். அங்கே கிறவல் போட்ட ஒரு விளையாட்டுத் திடல். உன் அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு சைக்கிளைத் தந்தார். மாங்கேணி மணலில் நான் சின்ன வயதில் ஓட்டியிருக்கிறேன். இந்தக் கல்லில் சைக்கிளின் சில்லு ஒரு பக்கமாக நழுவியது. பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தேன், விழுந்தேன், முழங்கை உரிந்தது. “இறுக்கிப் புடிச்சா அது உன்னத் தள்ளிப்போடும் புள்ள. அது கொஞ்சம் ஆடும், ஆடட்டும். கல்லைப் பாக்காத, போற இடத்தப் பாரு” என்றார். நான் திரும்ப ஏறினேன். அந்தத் திடலை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் என் பின்னாலேயே ஓடி வந்தார். மகன், உனக்குப் புத்தி சொல்லுகிற அளவுக்கு நான் எதையும் காணவில்லை. ஆனால் அவர் உயிரோடு பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். அதனால் அவர் சொன்னதாகவே எடுத்துக்கொள். உயிரோடு இருந்திருந்தால் என்று எழுதிவிட்டேன். அதை வெட்டப் போனேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில நேரம் எனக்கும் அப்படித்தான் வருகிறது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சோதனைச் சாவடி. வானும் சைக்கிள்களும் ஒன்றாக நின்ற இடம். எல்லோருடைய பாஸ்போட்டையும் சும்மா புரட்டிவிட்டுக் கொடுத்தார்கள். உன் அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் அதைத் திருப்பித் தரவில்லை. மட்டக்களப்பா என்று சிங்களத்தில் கேட்டு, அவரை ஒரு பக்கமாக நிற்க வைத்தான். சமன் அண்ணன் போய் நெடுநேரம் கதைத்தார். ஹெலன் அம்மா தன் சைக்கிளைக் கொண்டுபோய் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். கடைசியில் விட்டார்கள். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். உன் அப்பா என் கையிலிருந்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, “பயப்பிடாத புள்ள. நான் வெள்ளைக்காரருக்குக் காவல், எனக்கு வெள்ளைக்காரர் காவல்” என்று சிரித்தார். உன் உச்சியில் ஒரு முத்தம் வைத்தார். பிறகு சைக்கிளில் ஏறி, எல்லோரும் போகட்டும் என்று காத்து நின்று, கடைசியாகப் போனார்.

நாங்கள் வானில் சுற்றி வந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாலத்தடியில் சாப்பாட்டோடு காத்திருந்தோம். சமன் அண்ணன் வந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நெடுநேரம் கழித்து ஹெலன் அம்மா தனியாக வந்தார். அவர் தன் மொழியில் சொன்னதைச் சமன் அண்ணன் எங்களுக்குச் சொன்னார். ஒரு பாதைச் சந்தியில் உன் அப்பா இறங்கி அம்பை அழிக்கத் தொடங்கியிருக்கிறார். நீங்கள் போங்கள், வருகிறேன் என்று கை காட்டியிருக்கிறார். வளைவில் ஹெலன் அம்மா திரும்பிப் பார்த்தபோது சப்பாத்தால் மாவைத் தேய்த்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கி ஆட்டினாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

நாங்கள் காத்திருந்தோம். எனக்கு இன்றைக்கும் பொறுக்காதது அந்தக் காத்திருப்புத்தான். யாரும் பயப்படவே இல்லை. வேறு யாராவது பிந்தியிருந்தால் தேடிப் போயிருப்பார்கள்; அவர் பிந்தியதில் யாருக்கும் வியப்பில்லை. நான் முத்தையா அண்ணனைப் பார்த்தேன், முத்தையா அண்ணன் சமன் அண்ணனைப் பார்த்தார். “கடைசி ஆள் கடைசியாத்தானே வரும் தங்கச்சி” என்றார் சமன் அண்ணன், தன் உடைந்த தமிழில், கனிவாக. தேத்தண்ணி ஆறியது, திரும்பச் சுட வைத்தேன். அதுவும் ஆறியது. மலையிலிருந்து பனிப்புகார் இறங்கி பாலத்தின் அந்தப் பக்கம் தெரியாமல் போன பிறகுதான் சமன் அண்ணன் எழும்பி, தன் சட்டத்தை மீறி, வந்த வழியே திரும்பிப் போனார். முத்தையா அண்ணனும் டோர்ச்சோடு பின்னால் ஓடினார்.

அவர்கள் திரும்பி வந்து சொன்னதை எழுதுகிறேன். பாலத்திலிருந்து போகப் போக ஒவ்வொரு சந்தியிலும் மா அம்பு போட்டபடி அப்படியே கிடந்ததாம். கடைசியில், ஹெலன் அம்மா சொன்ன சந்தியில்தான் தேய்த்து அழித்திருந்தது. அதற்கும் பாலத்துப் பக்கம் அடுத்து வரும் சந்திக்கும் நடுவில், ஒரு சவுக்கு மரத்தில் அவருடைய சைக்கிள் நேராகச் சாய்த்து வைத்திருந்தது. விழுந்த சைக்கிள் இல்லை. யாரோ இறங்கிப் பக்குவமாகச் சாய்த்து வைத்த சைக்கிள். காற்றுப் போகவில்லை. சைக்கிள் திருத்தும் சாமான் பை இருந்தது, தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவரும் அடையாள அட்டையும் இல்லை. அடுத்த நாள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பள்ளத்தில் இறங்கித் தேடினார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். கொழுந்தெடுக்கிற ஒரு பெண் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதாகச் சொன்னாள். அதே பெண் பிறகு தனக்கு நிச்சயமில்லை என்றாள். பள்ளத்தில் விழுந்தாரா, யாரும் கூட்டிப்போனார்களா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல உனக்கு எழுத மாட்டேன். கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், பார்த்துச் சொல்ல?

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். பிடிபட்டவர்கள் எல்லாம் விடுபட்டு வருவார்கள் என்று ஒரு கதை வந்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, கலியாணப் படத்தைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வாசல்களில் நின்றேன். வாய் திறக்கக் கூசுகிறவள் என்று சொன்னேன் அல்லவா? அந்த வாசல்களில் படத்தைத்தான் நீட்டுவேன், கதைக்க மாட்டேன். மாமி பக்கத்தில் நின்று எனக்காகக் கதைப்பார். சில வாசல்களில் அழுவார், சில வாசல்களில் சண்டை பிடிப்பார். அதை நீ மறக்கக் கூடாது. நேற்று நடந்ததை வைத்து அவரைத் தப்பாக நினைத்துவிடாதே. உன் அப்பா காணாமல் போய் ஒரு வருடம் முடியப்போகிறது என்றதும் மாமியின் மனது உடைந்துவிட்டது. “கனவில வாறான் கா. பசிக்குது எண்டு சொல்றான். நான் என்ன செய்யட்டும்?” என்று என் காலடியில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட எவ்வளவோ வயது கூடியவர். எனக்கு மறுக்க முடியவில்லை. அவருக்கும் புல்லில் உருவம் கட்டிக் கிரியை செய்யச் சரி என்று தலையாட்டினேன்.

எரிக்கிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஆனால் நீ என் இடுப்பை விட்டு இறங்கமாட்டாய் என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள். நான் போகிறேன் என்றதும் மாமியும் வந்துவிட்டார். வாவி ஓரத்தில் ஐயர் புல்லை முறுக்கி உருவம் கட்டியிருந்தார். அதற்கு உன் அப்பாவின் நீலச் சட்டையைப் போர்த்தினார்கள். உன்னை இறக்கி விட்டேன். அரிசியை உன் கையில் தந்து, தலைப் பக்கம் போடு என்றார்கள். நீ அந்தச் சட்டையைப் பார்த்தாய். அடையாளம் கண்டாயோ, படத்தில் தினமும் காட்டியதால் வந்த பழக்கமோ, எனக்குத் தெரியாது. “அப்பா” என்றாய். குனிந்து, புல்லின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அரிசியை வைத்து, நான் உனக்குச் சோறு ஊட்டும்போது சொல்வதுபோல, “ஆ... ஆ...” என்றாய். வாய் திறக்கவில்லை என்று என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அங்கே நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் வாவியைப் பார்த்தார்கள். ஐயர் மட்டும் வேலையை விடாமல், நெருப்புக் கொள்ளியை எடுத்து உன் விரல்களை மூடிப் பிடிக்க வைத்தார். அப்போது என் வாயிலிருந்து “ஒண்ணா, வேணாம்” என்று வந்தது. நான் சொன்னது எனக்கே கேட்டது.

“என்ன புள்ள இது? தொடங்கினத நடுவில நிப்பாட்டப்படாது” என்றார் ஐயர்.

“என்ட அம்மாவக் கடல் கொண்டுபோனத நான் கண்டனான். அதால எரிச்சம். இவர் போனத ஆர் கண்ட? நீங்க கண்டீங்களா? ஒருத்தரும் காணல்ல. ஒருத்தரும் காணாத சாவுக்கு என்ட புள்ள நெருப்பு வைக்கமாட்டான்.”

அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு சொன்னது என் பிறப்பில் அதுதான் முதல் தடவை. உன் கையிலிருந்த நெருப்பை வாங்கி ஈர மணலில் வைத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாமி மட்டும் அந்த உருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப நான் என்ட தம்பிக்கு என்ன தான் கா செய்ற?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.  

மகன், இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. அந்தக் கடமையை நான் உன்னிடமிருந்து பறிக்கவில்லை. ஒன்றும் அறியாத உன் கையைப் பிடித்து மற்றவர்கள் செய்விப்பதை மட்டும்தான் நிறுத்தினேன். நீ வளர்ந்து ஆளாகி, அந்த மலைக்கு ஒரு தடவை போய், அந்தப் பாதையை உன் கண்ணால் பார்த்து, யோசித்து, அவர் இனி வரமாட்டார் என்று உன் மனதுக்குப் பட்டால், நீயே செய். என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருந்துவிடாதே. எப்போது கேட்டாலும் நான் ஒண்ணா என்றுதான் சொல்வேன். தலை நரைத்த பிறகும் அதைத்தான் சொல்வேன். நீ என் சொல்லைக் கேட்காதே. மாமி அன்றைக்கு உயிரோடு இருந்தால் அவரைக் கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போ. நான் வீட்டில் இருக்கிறேன்.